சிரட்டைக் கரியும் தெளிந்த நீரும்

நீரின் நன்மை தீமைகளைக் கண்ணால் அளந்தறிதல் நம்மவரிடத்துத் தொன்றுதொட்டு நிலவும் வழக்கமாகும். குவளையில் முகந்த நீர் அடி தெரியத் தெளிந்திருப்பின் நல்ல நீர் என்பர். கலங்கியிருப்பின் ஆகாதது என்பர். கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்துவிடும் முறை நம் முன்னோர் அறிந்ததே. தேற்றா விதையினால் நீர் தெளிதல் கலித்தொகையில் உவமையாகவும் வந்துள்ளது. ஆயினும், தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை இக்காலத்து விஞ்ஞானம் நமக்கு வற்புறுத்திக் கூறுகின்றது. நீரில் மிதக்கும் மண்ணும் துகளும் தேற்றாவுக்கு அடங்கும். மணலில் வடிகட்டினும் நீங்கும். நீரோடு நீராய்க் கரைந்து நிற்கும் பொருளோ கண்ணுக்குப் புலனாகாது. மணலுக்கும் துணிக்கும் அகப்படாது. பூச்சிகொல்லி மருந்து, எண்ணெயிலிருந்து கரைந்திறங்கும் பென்சீன், சாயத்தொழிலில் எஞ்சும் கழிவு முதலிய சேதன மாசுகள் இவ்வாறு கரைந்து மறைந்து நிற்பவையே. இவற்றுட் பலவற்றைப் பிடித்து நிறுத்தும் ஆற்றல், நாம் அடுப்பில் எரித்துச் சாம்பலாக்கும் தேங்காய்ச் சிரட்டைக்கு உண்டு என்பது வியப்பன்றோ? அவ்வாற்றல் யாது, அஃது எதுவரை செல்லும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஒருவருக்கு இரசாயனத்தில் என்ன வேலை என்று இம்மலரைப் படிக்கும் அன்பர் சிலர் வினவுதல் கூடும். விஞ்ஞானம் தாய்மொழியிற் கற்பிக்கப்படும் நாட்டில், விஞ்ஞானச் சொற்களைப் பொருள் தெளிந்து வழங்கச் செய்தல் தமிழாசிரியர்க்கும் உரிய கடமையாகும். அன்றியும், இப்பொருளின் உயிர்நாடி ஒரு சொல்லிலேயே அடங்கியுள்ளது. அச்சொல் ‘புறத்துறிஞ்சல்’ என்பது.

புறமும் அகமும்

பஞ்சு நீரை உறிஞ்சுகின்றது. நீர் பஞ்சின் உள்ளெங்கும் பரவிவிடுகின்றது. இது அகத்துறிஞ்சல். கரி மாசை உறிஞ்சுவது இவ்வாறன்று. மாசின் மூலக்கூறுகள் கரியின் பொருளுக்குள் கரைந்து கலப்பதில்லை. அதன் மேற்பரப்பிலே வந்து ஒட்டி நிற்கின்றன. புல்வெளியைக் கடந்து வருவோனது வேட்டியில் நாயுருவி விதை ஒட்டிக்கொள்வதை இதற்கு ஒப்பிடலாம். விதை வேட்டியின் நூலோடு கலந்து நூலாகிவிடவில்லை. புறத்தே பற்றிக்கொண்டு நிற்கின்றது. ஆதலின் இது புறத்துறிஞ்சல் எனப்பட்டது. ஐரோப்பிய மொழிகளில் இதற்குரிய சொல்லை 1881 ஆம் ஆண்டில் வழங்கியவர் கைசர் என்னும் சேர்மானிய விஞ்ஞானி. நம்மவர் ஆக்கிய தமிழ்ச் சொல்லோ அகம், புறம் என்னும் பழந்தமிழ்ப் பாகுபாட்டினாலேயே கருத்தைத் தெளிவாக உணர்த்திவிடுகின்றது.

புறத்தே ஒட்டுவதாயின், மிகுதியாக ஒட்டுதற்குப் புறம் மிகுதியாக இருத்தல் வேண்டும். இங்கேதான் கரியின் பெருமை விளங்குகின்றது. நன்கு ஆக்கப்பட்ட கரியின் உள்ளே எண்ணிறந்த நுண்துளைகள் உள. அவற்றின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால், ஒரு கிராம் கரியிற் சுமார் 500 முதல் 1500 சதுர மீற்றர் வரை மேற்பரப்பு இருத்தலைக் காணலாம். நம்மூர்க் கணக்கிற் சொல்வதாயின், ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர் ஆகும். எனவே, ஒரு சிட்டிகைக் கரிக்குள் நான்கு பரப்புக் காணி அடங்கியிருக்கின்றது என்று கூறுதல் மிகையன்று.

இனி, நீரிலுள்ள பொருள்களுள் எவை கரியை நாடும்? நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்பவை. பென்சீன் போன்ற சேதனப் பொருள்களுக்கு நீரோடு உறவு குறைவு. அவை நீரிடையே வேண்டா விருந்தினர் போல நிற்பவையாதலின், காபனாலாகிய சுவரைக் கண்டவிடத்து அதனையே சார்ந்துவிடுகின்றன. நீரோடு நட்புக் குறைந்த பொருள் கரியில் நன்றாக ஒட்டும்; நீரோடு நட்பு மிகுந்த பொருள் ஒட்டாது. இவ்வொரு விதியை நினைவில் இருத்துவோமாயின், கரியின் வல்லமையையும் அதன் எல்லையையும் பெரும்பாலும் நாமே உய்த்துணர்ந்து கொள்ளலாம்.

கரி உயிர்ப்புப் பெற்ற கதை

கரி, கரைசலின் நிறத்தை நீக்கும் என்பதை 1785 ஆம் ஆண்டில் உருசிய நாட்டின் சென் பீற்றேசுபேக்கு நகரில் இரசாயனம் பயின்ற லோவிற்சு என்பவர் கண்டறிந்தார். தாத்தாரிக்கமிலப் பளிங்குகளை ஆக்க முயன்றபோது கரைசலிற் படிந்த பழுப்பு நிறம் கரியினால் அகன்றமை அவர் கருத்தைக் கவர்ந்தது. அதன்பின் ஐரோப்பாவிற் சீனியை வெண்மையாக்கும் ஆலைகள் கரியைக் கைக்கொண்டன.

ஆனால் அடுப்புக் கரி வேறு, உயிர்ப்பூட்டிய கரி வேறு. அடுப்புக் கரியின் துளைகள் பெரும்பாலும் தாரினால் அடைபட்டுக் கிடக்கும். அவற்றைத் திறந்து புதிய துளைகளையும் உண்டாக்கும் முறைகளுக்கு ஒசுதிரெயிக்கோ என்பவர் 1900, 1901 ஆம் ஆண்டுகளில் உரிமைப்பத்திரம் பெற்றார். அம்முறைகளுள் ஒன்றே இன்றும் பெருவழக்காயுள்ளது. முதலிற் சிரட்டையைக் காற்று மட்டாகப் புகும்வண்ணம் மூட்டமிட்டுக் கரியாக்குவர். பின்னர் அக்கரியைச் சுழலும் உலையில் இட்டு, 800 முதல் 1000 பாகை செல்சியசு வரை வெப்பமேற்றி, அதன்மீது கொதிநீராவியைச் செலுத்துவர். நீராவி கரியின் ஒரு பகுதியை அரித்துக் காபனோரொட்சைட்டு, ஐதரசன் என்னும் வாயுக்களாக வெளியேற்றும். அரிக்கப்பட்ட இடமெல்லாம் துளையாகும். கரியை ஓரளவு இழந்தே அதன் ஆற்றலை நாம் பெறுகின்றோம்.

1915 இல், முதலாம் உலகப் போரின்போது, நச்சுவாயு போர்க்கருவியாயிற்று. அவ்வாயுவைத் தடுக்கும் முகமூடிகளுக்குக் கரி தேவைப்பட்டது. எந்தக் கரி சிறந்தது என்று ஆராய்ந்தபோது தேங்காய்ச் சிரட்டைக் கரி முன்னணியில் நின்றது. 1918 இல் அமெரிக்க மக்கள் பழக்கொட்டைகளையும் விதையோடுகளையும் சேர்த்துக் கொடுக்குமாறு வேண்டப்பட்டனர். வன்மையான ஓட்டிலிருந்து பெறும் கரியில், இரண்டு நனோமீற்றருக்குக் குறைந்த மிக நுண்ணிய துளைகள் செறிந்திருத்தலே அச்சிறப்பிற்குக் காரணம். போர் முடிந்தபின் அதே கரி குடிநீர்ப் பணிக்கு வந்தது. 1929 இற் சேர்மனியின் ஆம் நகரிலும், 1930 இல் அமெரிக்காவின் பே சிற்றியிலும் நகர நீரை மணிக்கரிப் படுக்கையினூடாகச் செலுத்தினர். உயிரைப் போக்க வந்த வாயுவைத் தடுத்த பொருள், உயிரைக் காக்கும் நீரைத் தூய்தாக்கும் பொருளாயிற்று. கடந்த நூற்றாண்டின் எழுபதுகள் தொடக்கம் இலங்கையும் சிரட்டையை உயிர்ப்பூட்டிய கரியாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்பி வருகின்றது.

ஒரு நகரின் நான்கு நாட்கள்

கரியின் ஆற்றலை உலகம் கண்கூடாகக் கண்ட ஒரு நிகழ்ச்சியை ஈண்டு எடுத்துரைத்தல் பொருந்தும். 2005 ஆம் ஆண்டு நவம்பர் 13 ஆந் திகதி, சீனாவின் ஜிலின் நகரில் இரசாயனத் தொழிற்சாலை ஒன்று வெடித்தது. பென்சீன், நைத்திரோபென்சீன் முதலியன ஏறத்தாழ 100 தொன் அளவிற் சொங்குவா ஆற்றிற் கலந்தன. ஆற்றின் கீழ்ப்பாகத்தில் அந்நாளில் அந்நீரையே பருகி வாழ்ந்த ஹார்பின் என்னும் பெருநகர் உள்ளது. அதன் மக்கள் அப்பொழுது நாற்பது இலட்சத்திற்கு அணித்தாயிருந்தனர். நச்சுநீர் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. நகரத்தார் குழாய்நீரை நிறுத்தினர். நைத்திரோபென்சீன் சீன நியமத்தினும் முப்பது மடங்குக்கு மேலாக ஆற்றிற் காணப்பட்டது. காய்ச்சுவதாலோ, மணலில் வடிப்பதாலோ, குளோரீன் இடுவதாலோ அதனைத் தீர்த்தல் இயலாது.

அப்பொழுது அந்நாட்டு அறிஞர் கண்ட வழி எளிமையானது. ஆற்றிலிருந்து நீரை எடுக்கும் இடத்திலேயே கரித்தூளைக் கலந்தனர். ஒரு லீற்றர் நீருக்கு 40 மில்லிகிராம் வரை இட்டனர். சுத்திகரிப்பு நிலையத்தை அடையுமுன் நீர் சில கிலோமீற்றர் தூரம் குழாய்வழி ஓடவேண்டியிருந்தது. அந்த ஓட்டத்திற்குச் சென்ற ஒன்றிரண்டு மணிநேரத்தில் நஞ்சு கரித்தூளைப் பற்றிக்கொண்டது. நிலையத்தில் தூள் படிந்தும் வடிந்தும் நீங்க, அதனோடு நஞ்சும் நீங்கிற்று. வடிகட்டிகளில் இட்ட மணிக்கரி இரண்டாங் காவலாய் நின்றது. நவம்பர் 27 ஆந் திகதி மாலை குழாய்களில் மீண்டும் நீர் வந்தபோது மாகாண ஆளுநர் முதற் குவளையைப் பருகி மக்களின் அச்சத்தை நீக்கினார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அங்கே மருந்து இடுவதற்கு முன் நோய் இன்னதென்று அறியப்பட்டிருந்தது. நீரில் வருவது நைத்திரோபென்சீன் என்பதும், அது கரியில் நன்றாக ஒட்டும் என்பதும், எவ்வளவு கரி வேண்டும் என்பதும், எவ்வளவு நேரம் தேவை என்பதும் அளந்து துணியப்பட்டன. கரியின் வெற்றி அவ்வறிவின் வெற்றியே.

பந்தியும் விருந்தினரும்

கரியின் மேற்பரப்பு பெரிதேனும் முடிவற்றதன்று. மேற்பரப்பில் ஒட்டுதற்கு இடங்கள் ஓர் அளவுக்கே உள என்னும் கருத்தை அமெரிக்க அறிஞர் இலாங்குமுயர் 1916 முதல் 1918 வரையான காலத்தில் கணித வாயிலாக விளக்கினார். மேற்பரப்பு இரசாயனத்தில் அவர் ஆற்றிய பணிக்கு 1932 இல் நோபெற் பரிசு கிடைத்தது. அவர் கருத்தை நம் வீட்டு விருந்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். பந்தியில் நூறு இலை போட்டிருந்தால் நூறுபேரே அமரலாம். நூற்றோராவது விருந்தினர் நின்றுகொண்டே இருப்பார். கரிப்படுக்கையிலும் இவ்வாறே நிகழ்கின்றது. நீர் முதலிற் சந்திக்கும் படை முன்னர் நிரம்பும். பின்னர் அடுத்த படை நிரம்பும். இறுதிப் படையும் நிரம்பியபின் மாசு தடையின்றி வெளியே வந்துவிடும். அவ்வேளையில் நீரின் நிறமோ தெளிவோ மாறிவிடுவதில்லை. வடிகட்டி வேலை செய்கின்றது என்றே வீட்டார் எண்ணியிருப்பர்.

மேலும், பந்திக்கு அழையாத விருந்தினரும் வருவர். இலை தழை அழுகி நீரிற் கரையும் இயற்கைப் பொருள்கள், நாம் நீக்க விரும்பும் நஞ்சுக்குரிய இடங்களையும் பிடித்துக்கொள்ளும். சில வேளைகளில் வன்மையாக ஒட்டும் பொருளொன்று வந்து, முன்பு ஒட்டியிருந்ததைத் தள்ளிவிடுதலும் உண்டு. ஆகவே நிரம்பிய கரி பயனற்றது மட்டுமன்று. பிடித்ததை மீண்டும் விடவுங் கூடியது. பெரிய நிலையங்களிற் கரியை எடுத்து உலையிற் சுட்டு மறுபடியும் உயிர்ப்பூட்டுவர். ஒகையோ ஆற்றங்கரையிலுள்ள சின்சினாற்றி நகரம் 1992 முதல் தன் நிலையத்திலேயே உலை அமைத்து இவ்வாறு செய்து வருகின்றது. வீட்டு வடிகட்டிக்கு அத்தகைய உலை இல்லை. உரிய காலத்திற் கரியை மாற்றுதல் ஒன்றே வழி.

காலமும் கருதற்பாலது. நகர நிலையங்களில் நீர் கரிப்படுக்கையிற் பொதுவாகப் பத்து முதல் இருபது நிமிடம் வரை தங்கும்படி அமைப்பர். குழாய்வாயிற் பொருத்தும் சிறு வடிகட்டியினூடே நீர் சில வினாடிகளிற் பாய்ந்துவிடுகின்றது. ஓடிப்போகும் விருந்தினரைப் பந்தியில் அமர்த்துதல் அரிதன்றோ?

நம் கிணற்றுக்கு வருவோம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரே நமக்குக் கிணறாகின்றது. மேலே இடப்படுவது யாதாயினும் விரைவிற் கீழே இறங்கும் இயல்பு அப்பாறைக்கு உண்டு. தோட்டத்துக்கு அளவின்றி இடும் உரமும், கிணற்றுக்கு அணித்தாய் வெட்டப்பட்ட மலக்குழியும் நைத்திரேற்று என்னும் பொருளை நிலத்தடி நீரிற் சேர்க்கின்றன. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மிகுந்த நைத்திரேற்றுக் கலந்த நீரிற் பால்மா கரைத்துப் புகட்டப்படும் பச்சிளங் குழந்தைகளின் குருதி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம்.

இந்த நைத்திரேற்றைக் கரி நீக்குமா? மேலே கூறிய விதியைக் கொண்டு நோக்குவோம். நைத்திரேற்று மின்னேற்றமுடைய அயன். நீரோடு நெருங்கிய நட்புடையது. ஆதலின் சாதாரண உயிர்ப்பூட்டிய கரியிற் குறிப்பிடத்தக்க அளவில் ஒட்டாது. காய்ச்சினாலும் நீங்காது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. அதனை நீக்க அயன்மாற்று முறையோ எதிர்ப்பிரசாரண முறையோ வேண்டும். உவர்நீரின் உப்பும், கேத்திலின் அடியிற் படியும் சுண்ணாம்பும் அவ்வாறே கரிக்கு அகப்படா. நோய்க் கிருமிகளைக் கொல்லும் ஆற்றலும் கரிக்கு இல்லை. கரி நீரிலுள்ள குளோரீனை நீக்கிவிடுவதால், நெடுநாள் மாற்றாத வடிகட்டியிற் கிருமிகள் பெருகவும் இடமுண்டு.

எண்ணெயின் செய்தி வேறு. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்தமை சென்ற பத்தாண்டில் நம் மக்களைப் பெரிதும் கலங்கச் செய்தது. 2019 ஆம் ஆண்டு ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், மின்னுற்பத்திக் கம்பனி ஒன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துதல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. எண்ணெயிலிருந்து நீரிற் கரையும் பென்சீன் போன்றவற்றைக் கரி பிடிக்கும். ஆயினும் மிதக்கும் எண்ணெயை நேரே கரியின்மீது செலுத்தினால், அது துளை வாய்களைப் பூசி அடைத்துக் கரியைச் சில நாளிற் பாழாக்கிவிடும். முதலில் எண்ணெயைப் பிரித்து, எஞ்சிக் கரைந்து நிற்பதையே கரிக்கு விடுதல் வேண்டும்.

இவற்றால் அறியத்தக்கது யாது? ஒரே தெருவில் அடுத்தடுத்த இரு வீடுகளில், ஒன்றின் கிணற்றுக்குக் கரி மருந்தாகலாம். மற்றதன் கிணற்றுக்கு அது வீண் செலவாகலாம். பின்னவர் ‘வடிகட்டி பூட்டிவிட்டோம்’ என்னும் நம்பிக்கையில் அந்நீரையே குழந்தைக்கும் கொடுப்பராயின், அந்த நம்பிக்கையே தீங்காகும். ஆகவே கருவி வாங்குமுன் நீரைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புதல் வேண்டும். முடிவைப் பார்த்தபின், கரி தேவையா, வேறு முறை தேவையா என்று துணிதல் வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் கிணற்று நீரின் இயல்பு மாறுமாதலின், ஒருமுறைப் பரிசோதனையோடு அமைந்துவிடலும் ஆகாது.

மாணவர்க்கு ஒரு சோதனை

இவ்வுண்மையை மாணவர் தம் கண்ணாற் காண்பதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. இரு போத்தல்களில் நீர் எடுக்க. ஒன்றில் ஆய்வுகூடத்து மெதிலீன் நீலத்தில் ஒரு துளி இடுக. மற்றதிற் சிறிது கறியுப்பைக் கரைக்க. இரண்டிலும் உயிர்ப்பூட்டிய கரித்தூளை ஒரே அளவாக இட்டு, அரைமணி நேரம் இடையிடையே குலுக்கி, வடிதாளில் வடிக்க. முதற் போத்தலின் நீலம் மறைந்து நீர் பளிங்கு போலாகும். இரண்டாவதும் தெளிவாகவே இருக்கும். ஆனால் அதில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் ஒரு துளி விட்டால், வெண்ணிற வீழ்படிவு தோன்றி உப்பு நீங்கவில்லை என்பதைக் காட்டும். இந்நீரைச் சுவைத்துப் பார்த்தல் ஆகாது. கரியின் வல்லமையும் எல்லையும் இவ்விரு போத்தல்களிலும் அடங்கியுள்ளன.

நம் கல்லூரியிற் பயின்று இன்று பொறியியலாளராயும் மருத்துவராயும் இரசாயன ஆய்வாளராயும் உலகின் பல திசைகளிலும் விளங்கும் பழைய மாணவர் பலராவர். விழாக் காலத்திற் கல்லூரிக்குக் கட்டடமும் தளபாடமும் வழங்க அவர்கள் முன்வருதல் போற்றத்தக்கதே. அதனோடு, கல்லூரியைச் சூழ்ந்த கிராமங்களின் கிணற்று நீரை ஆண்டுதோறும் மாரிக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவை மக்களுக்குத் தமிழில் எழுதி வழங்கும் பணியையும் அவர்கள் மேற்கொள்வாராயின், அதற்கு வேண்டிய கருவிகளை நம் ஆய்வுகூடத்தில் அமைத்தல் அரிதன்று. மாதிரி எடுத்துவர மாணவர் உளர். முடிவைத் தெளிந்த நடையில் எழுதித் தர எம்போன்ற தமிழாசிரியரும் உளேம். வரும் மாரிக்கு முன்னரே இப்பணி தொடங்கப்படுமாயின் நன்று.